துயரம் மட்டும் மாதாவைக் காட்டுமா?

கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் யாரோ மாதாவைக் கண்டதாகச் சொல்கிறார். அல்லது திருச்சொரூபத்தின் கண்ணில் நீர் கசிந்ததாகச் சொல்லி ஊர் கூடுகிறது. செய்தி யாழ்ப்பாண நகரத்தை எட்டுமுன்பே விளக்கம் தயாராகிவிடும்: "சனம் பட்ட பாடு அப்பிடி, அதான் காணுது." கருத்தரங்குக்குப் போனால் இதே பேச்சு கூட்டு உளவடு, சமூக நெருக்கடியின் வெளிப்பாடு, கைவிடப்பட்டவர்களின் ஆறுதல் என்று கனத்த சொற்களில் வரும். படித்த கத்தோலிக்கர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், சமய நம்பிக்கை அற்றவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். குருக்களில் ஒரு சாரார்கூட, ஊராரின் பரவசம் தம்மைச் சங்கடப்படுத்தும்போது, இந்த விளக்கத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கேட்கப் பரிவாகவும் இருக்கிறது, அறிவார்ந்ததாகவும் இருக்கிறது. அதனாலேயே எவரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்த விளக்கம் பிழையானது என்பதே என் வாதம். மாதா உண்மையில் வந்தாரா என்பதற்கு இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்கான அதிகாரம் எனக்கு இல்லை. காட்சிக்குத் துயரமே காரணம் என்ற கூற்று, உண்மைகளோடு வைத்துப் பார்த்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்காது. அத்தோடு, அது கண்டவரின் வாயை அடைக்கும் ஒரு வழியாகவும் ஆகிவிட்டது. எங்கள் மண்ணில் அது சிறிய குற்றமல்ல.

துயரந்தான் காட்சியைப் பெற்றெடுக்கிறது என்றால், துயரம் உச்சத்தில் இருந்த கத்தோலிக்க ஊர்களில் காட்சிகளும் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். பண்ணைப் பாலத்தைத் தாண்டி மண்டைதீவுச் சந்தியையும் கடந்தால் வருவது அல்லைப்பிட்டி. வேலணைத் தீவின் கிழக்கு முனையில், கடலேரி ஓரமாகக் கிடக்கும் ஊர். 2006இல் அந்த ஊர் பட்டதை வரிசையாகச் சொல்ல வேண்டும். மே 13 இரவு ஆயுததாரிகள் வீடு புகுந்து சுட்டார்கள். நான்கு மாதக் குழந்தையும் நான்கு வயதுச் சிறுவனும் செத்தவர்களுள் இருந்தார்கள். தீவகத்தில் அந்த ஒரே இரவில் கொல்லப்பட்டவர்கள் 13 பேர். பல குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. ஓகஸ்டில் சண்டை மூண்டபோது மிச்சமிருந்த சனம் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்துக்குள் ஒதுங்கியது. ஓகஸ்ட் 13 விடியற்காலையில் ஆலயத்தின் மேலேயே ஷெல் விழுந்தது. பதினைந்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். பங்குத்தந்தை நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் காயப்பட்டவர்களை யாழ்ப்பாணம் கொண்டுபோக வழிவிடுமாறு கடற்படையினரிடம் மன்றாடினார். எஞ்சிய சனத்தை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிச் சென்றார். ஒரு வாரம் கழித்து, ஓகஸ்ட் 20ஆம் நாள், அல்லைப்பிட்டிக் கடற்படைச் சாவடி அருகே அவரும் உடன்போன உதவியாளரும் கடைசியாகக் காணப்பட்டார்கள். அதன்பின் அவர்களைக் கண்டவர் இல்லை.

பக்தி ஊறிய ஊர். அடைக்கலம் தேடி ஓடிய இடமே ஆலயம். ஆலயத்துக்குள்ளேயே சாவு, ஆயனும் காணாமற் போனார். 'துயரக் கோட்பாடு' கேட்கும் எல்லாப் பொருளும் இங்கே நிறைந்து கிடந்தன. ஆனாலும் அல்லைப்பிட்டியில் காட்சித் தலம் எதுவும் எழவில்லை. மாதா தோன்றிய மரம் என்று ஒரு மரத்தைக் காட்டி யாத்திரிகர் வருவதில்லை. அந்தச் சனம் செய்தது வேறு. இறந்தவர்களின் பெயர்களை எழுதினார்கள். ஒவ்வோர் ஆண்டும் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். காணாமற் போன சுவாமியார் எங்கே என்று கேட்டார்கள்.

அல்லைப்பிட்டி தனி விதிவிலக்கா? 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் இடம்பெயர்ந்து தங்கியிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1999 நவம்பர் 20 அன்று மடுத் திருத்தலத்தினுள்ளேயே ஷெல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மடு, மாதாவின் பெயரால் ஈழம் முழுதும் அடைக்கலம் தேடும் இடம். 2009இல் முள்ளிவாய்க்காலில் மன்னார், முல்லைத்தீவுக் கத்தோலிக்கர்கள் செபமாலையைக் கையில் பிடித்தபடி பங்கருக்குள் கிடந்தார்கள். இவற்றில் எந்த இடமும் லூர்து, பாத்திமா போன்ற காட்சித் தலம் ஆகவில்லை. துயரம் காட்சியைத் தரும் என்ற கோட்பாட்டுக்கு இலங்கையின் கத்தோலிக்கக் கரையோரம் கண்கூடான மறுப்பு.

மாறாக, இந்நாட்டுக் கத்தோலிக்கரிடையே அற்புதத் தலங்களும் விண்ணகச் செய்திகளும் பேயோட்டலும் பெரிதாக எழுந்த காலம் எது? 1970கள். இடம், போர் எட்டாத சிங்களத் தென்னிலங்கை. குடாகம என்ற சிறிய இடத்தில் அருட்தந்தை கமிலஸ் ஜயமான்னவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. மானிடவியலாளர் ஆர். எல். ஸ்டிராட் அந்த இயக்கத்தை நேரில் ஆராய்ந்து 1992இல் நூலாக வெளியிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கொண்டுவந்த மாற்றங்கள், 1960இல் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டது, கத்தோலிக்கருக்கு இருந்த செல்வாக்குக் குறைந்தது, அக்காலப் பொருளாதார நெருக்கடி ஆகியவற்றை அவர் காரணங்களுள் வைக்கிறார். மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் அது சொல்லும் துன்பம், குண்டு விழும் துன்பமல்ல. பழைய வழிபாட்டு முறை கைநழுவிப் போனதும், இடம் இழந்த ஒரு சமூகத்தின் மனக்குறையும்தான். எங்கள் கருத்தரங்குகளில் இந்த நூலைக் காட்டி, "போர் நடந்தது, ஆகவே மாதா தெரிந்தார்" என்று சொல்பவர்கள் நூலின் பொருளைத் தலைகீழாக்குகிறார்கள்.

அயர்லாந்தைப் பாருங்கள். 1845 தொடக்கம் அங்கே உருளைக்கிழங்கு அழுகிப் போனது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். கத்தோலிக்க நாடு, மாதா பக்தியில் ஊறிய நாடு. அந்தப் பெரும் பஞ்சத்தில் புகழ்பெற்ற காட்சி ஒன்றும் அங்கே நிகழவில்லை. அதே நோய் பிரான்சின் உருளைக்கிழங்கையும் தாக்கியது. 1846 செப்டெம்பர் 19 அன்று அங்கே லா சலேத் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் அழுகின்ற ஒரு பெண்ணைக் கண்டார்கள். அவர் சொன்ன செய்தியில் அழுகிய உருளைக்கிழங்கும் வருகிறது. பசி கூடியிருந்த நாட்டில் மௌனம், குறைந்திருந்த நாட்டில் காட்சி. அயர்லாந்தின் நொக் கிராமத்தில் 15 பேர் ஆலயச் சுவரருகே கண்ட காட்சி 1879 ஓகஸ்ட் 21 அன்று நிகழ்ந்தது. அது விளைச்சல் பொய்த்த ஆண்டுதான், நிலப் போராட்டம் சூடேறிய காலந்தான். ஆனால் 1847இன் துயரத்தோடு அதை ஒப்பிட முடியாது. துயரம் காட்சியின் அளவுகோலாக இருந்திருந்தால் நொக் முப்பது ஆண்டுகள் முந்தியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுமொழி வரும் என்று அறிவேன். "பேரழிவின் நடுவே சனம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும், ஓடி முடிந்து மூச்சுவிட்ட பிறகே காட்சி வரும், அதற்கு ஓர் ஊர் வேண்டும், கூட ஓர் ஆலய முற்றம் வேண்டும்." இருக்கலாம். ஆனால் இப்படிச் சொன்ன உடனேயே முதற்கூற்று கைவிடப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். இப்போது காரணமாக வைக்கப்படுவது துயரமல்ல, துயரத்தின் ஓய்வு. போர் நடந்தால் போர் காரணம், போர் முடிந்தால் போர் முடிந்ததே காரணம், போரே இல்லாவிட்டால் நவீனம் காரணம். எதைக் கொடுத்தாலும் விழுங்கும் கோட்பாடு எதையும் விளக்குவதில்லை. எந்த ஊரில் காட்சி வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று, வந்த ஊரைப் பார்த்து "எனக்குத் தெரியும்" என்று சொல்வதற்கு உரிமை இல்லாதது.

துக்கம் மனிதரின் புலன்களில் என்ன செய்யும் என்பதை மருத்துவம் ஆராய்ந்திருக்கிறது. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி எழுதிய கட்டுரை பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. ஏறத்தாழ பாதிப்பேர், இறந்துபோன கணவனையோ மனைவியையோ அருகில் உணர்ந்ததாக, சிலர் கண்டதாக, சிலர் குரல் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பைத்தியம் பிடித்தவர்கள் அல்லர். பெரும்பாலானோருக்கு அது ஆறுதலாக இருந்தது. பெரும்பாலானோர் அதுவரை அதை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. இது நமக்கு என்ன சொல்கிறது? துக்கம் தன்னால் ஒருவரைக் கொண்டுவருமானால், இழந்துபோனவரையே கொண்டுவருகிறது. வடக்கில் பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயிடமும் கேளுங்கள். படலை திறக்கும் சத்தத்தில் மகன் வந்துவிட்டான் என்று எழும்பியதைச் சொல்வார். சைவத் தாயும் அதையே சொல்வார், கத்தோலிக்கத் தாயும் அதையே சொல்வார். மகனைத் தேடும் கண்ணுக்கு மகன் தெரிவது துக்கம். அந்த இடத்தில் மாதா தெரிந்தார் என்று ஒருவர் சொன்னால், துக்கம் என்ற ஒரு சொல் அதற்குப் போதாது. வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று கேட்க வேண்டிய இடத்தில்தான் நமது விளக்கக்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

தீவகத்தாரின் பக்தி எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இன்னொரு விடயம் புலப்படும். வேலணைச் சாட்டியில் சிந்தாத்திரை மாதா இருக்கிறார், கடற்பயணத்தைக் காக்கும் அன்னை. கச்சதீவில் அந்தோனியார் இருக்கிறார். கடலில் கச்சான் அடித்து வள்ளம் ஆடும்போது எங்கள் மீனவர் நேர்ந்துகொள்வார்கள். கரை சேர்ந்ததும் நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். மடுவின் வரலாறும் காட்சியின் வரலாறு அல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களின் வரலாறு. 2008 ஏப்ரலில் ஷெல்லடி நெருங்கியபோது குருக்கள் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிச் சென்றார்கள். முந்நூறு ஆண்டு இடைவெளியில் அதே செயல். ஈழத்துக் கத்தோலிக்கர் ஆபத்தில் செய்வது சுமப்பதும் நேர்வதும். வானத்தைப் பார்த்து மாதா இறங்கி வருகிறாரா என்று நிற்பது அவர்களின் மரபில் முதன்மையானதல்ல. வேளாங்கண்ணியில் பால் கொண்டுபோன சிறுவனுக்கும் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கும் மாதா தோன்றிய கதை எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை அடித்து வராத குடும்பம் குறைவு. என்றாலும் அதைப்போல் நமக்கும் தோன்ற வேண்டும் என்று ஊர் காத்திருந்ததில்லை.

ஆகவே துயரம் எந்த வடிவம் எடுக்கும் என்பதை ஊரின் மரபு தீர்மானிக்கிறது. இதுவும் சமூக விளக்கந்தான், நான் அதை மறுக்கவில்லை. உண்மையில் இதுவே நல்ல சமூக விளக்கம், ஏனென்றால் அது ஊரைப் பார்க்கிறது. மட்டக்களப்புப் பக்கம் போர்க்காலத்தில் காணாமற் போனவர்களின் தாய்மார் அம்மன் கோயிலில் வாக்குக் கேட்டதைப் பற்றி மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் எழுதியவற்றைப் படித்தவர்கள், இந்த வேறுபாட்டை உடனே விளங்கிக்கொள்வார்கள். அவர் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார். வாக்குச் சொன்னவர் என்ன சொன்னார், கேட்ட தாய் என்ன செய்தார் என்று எழுதினார். கேட்காமல் எழுதப்படும் விளக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

கேட்காமல் எழுதுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கொடிய உதாரணம் உண்டு. பொஸ்னியாவின் மெஜுகோரியே கிராமத்தில் 1981 ஜூன் 24 முதல் ஆறு இளையோர் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி அம்ஸ்ரர்டாமின் விரையே (Vrije) பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட் பக்ஸ் 1995இல் ஒரு நூல் எழுதினார். காட்சிக்குப் பின்னால் குலப்பகையும் அதிகாரப் போட்டியும் இருந்தன என்றார். 1991, 92இல் அந்த ஊரில் நடந்த 'சின்னப் போரில்' 140 பேர் கொல்லப்பட்டார்கள் என்றும் எழுதினார். சமயத்தையும் வன்முறையையும் இணைத்துக் காட்டும் சான்றாக அதை உலகமெங்கும் எடுத்தாண்டார்கள். ஆனால் அந்தப் படுகொலை நடக்கவே இல்லை. 2013இல் அவருடைய பல்கலைக்கழகமே அமைத்த குழு, அவர் பாரதூரமான ஆய்வு முறைகேடு செய்தார் என்று முடிவு கூறியது. அவர் எழுதியதாகப் பட்டியலிட்ட வெளியீடுகளில் அறுபதுக்கு மேற்பட்டவை இல்லாதவை என்பதும் அப்போது வெளிப்பட்டது. ஒருவர் பொய் சொன்னார் என்பதோடு இது முடியவில்லை. பிழை திருத்த ஆட்கள் இருந்த துறையில், நெடுங்காலம் பெரும்பாலோருக்குச் சந்தேகம் வரவில்லையே, ஏன்? அந்தக் கதை எல்லாரும் எதிர்பார்த்த கதையாக இருந்தது. பின்தங்கிய கத்தோலிக்கக் கிராமம், அங்கே வன்முறை, அதன் மேல் ஒரு மாதா. கண்டதாகச் சொன்ன ஆறு பிள்ளைகளின் வார்த்தையைச் சல்லடை போட்டுச் சலித்த உலகம், பேராசிரியரின் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டது.

யாருடைய வார்த்தைக்கு எந்த மதிப்பு என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 1940இல் உலகப் போர் இலங்கையை நெருங்கும் அச்சத்தில், கொழும்புப் பேராயர் மஸ்ஸோன் ஆண்டகை, நாடு காக்கப்பட்டால் மாதாவுக்கு ஆலயம் எழுப்புவேன் என்று நேர்ந்தார். தேவத்தையில் இலங்கை மாதா பேராலயம் எழுந்தது. அதை எவரும் போர் அச்சத்தின் உளவியல் வெளிப்பாடு என்று எழுதுவதில்லை. விசுவாசம் என்றே எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் கரையோரத்தில் கருவாடு காயப்போடும் ஒரு பெண் தான் கண்டதைச் சொன்னால் மட்டும் அது விசுவாசமுமில்லை, சாட்சியமுமில்லை, நோய்க்குறி ஆகிவிடுகிறது. ஆண்டகைக்கு நம்பிக்கை, ஏழைக்கு அழுத்தம். இந்தப் பாகுபாட்டை ஆய்வு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

'மனப்பிரமை' என்ற சொல் எங்கள் ஊர்களில் எப்படிப் பயன்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2011 ஓகஸ்டில் உடலில் கிறீஸ் பூசி இரவில் வருவதாகச் சொல்லப்பட்ட 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி நாடெங்கும் பரவியது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில், இரவில் ஊருக்குள் புகுந்தவர்களைக் கண்டோம், துரத்தினோம், அவர்கள் படை முகாமுக்குள் ஓடினார்கள் என்று சனம் சொன்னது. அதிகாரிகள் அதை வதந்தி என்றார்கள். அன்றிரவு படையினர் வீடுகளுக்குள் புகுந்து ஆண்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஓடியது யார் என்பதை முறையாக விசாரித்து ஊருக்குப் பதில் சொன்னவர் இல்லை. 'போர்க்காலப் பீதியின் எச்சம்' என்று அதற்கும் ஒரு விளக்கம் எழுதப்பட்டது. அந்த விளக்கம் எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் 'நீங்கள் கண்டதாக நினைக்கிறீர்கள், உங்கள் மனம் புண்பட்டிருக்கிறது' என்ற வாக்கியம் அடித்தவர்களுக்குக் கைகொடுத்தது, அடிவாங்கியவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தையின் விடயமும் மனித உரிமை மீறல்களை விசாரிக்க 2006 இறுதியில் அமைந்த உடலாகம ஆணைக்குழுவின் 16 சம்பவப் பட்டியலில் இருந்தது. அந்த ஆணைக்குழு 2009இல் முடிவுற்றபோது பாதிக்கு மேற்பட்டவை விசாரித்து முடிக்கப்படாமலே கிடந்தன. கண்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்கள் இல்லை.

மாதா காட்சியும் காணாமற் போன சுவாமியாரும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஆனால் சாட்சி சொல்பவர் ஒரே ஆள். கடற்படைச் சாவடியில் கண்டதைச் சொல்ல வரும் பெண்ணும், ஆலய முற்றத்தில் கண்டதைச் சொல்ல வரும் பெண்ணும் ஒரே ஊர்ப் பெண். இரண்டாவது பேச்சைக் கேளாமலே விளக்கித் தள்ளிப் பழகியவருக்கு முதற்பேச்சையும் தள்ளிவிடுவது எளிதாகிவிடும்.

இதனால் யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2012இல் மும்பையில் ஓர் ஆலயச் சிலுவையின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது, சனம் அதைத் தீர்த்தமாகக் குடித்தது. பகுத்தறிவாளர் சனல் எடமருகு நேரில் போனார், சுவரைப் பார்த்தார், அடைபட்ட கழிவுநீர்க் குழாயைப் பார்த்தார். நீர் சுவர் வழியாக ஏறி வருகிறது என்று காட்டினார். சமய உணர்வைப் புண்படுத்தியதாக அவர் மேல் வழக்குப் பதியப்பட, அவர் பின்லாந்துக்குப் போய்விட நேர்ந்தது. அவர் மேல் முறைப்பாடு செய்த கத்தோலிக்கர்கள் செய்தது அநியாயம். அவர் செய்தது சரியான செயல். நம்பிக்கையற்ற அவர் சனத்தின் மனத்தை ஆராயப் போகவில்லை. சனம் எதைப் பார்த்ததோ அதைப் பார்க்கப் போனார். அவர்கள் கண்ட நீர் மெய்யான நீர்தான் என்று ஏற்றுக்கொண்டபின்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். தொலைவிலிருந்து 'சமூக நெருக்கடி' என்று எழுதுபவரைவிட அந்த நாத்திகர் அந்தச் சனத்துக்கு அதிக மரியாதை செய்தார்.

வரலாற்றாசிரியர் டேவிட் பிளக்பேர்ன் ஜெர்மனியின் மார்ப்பிங்கன் காட்சி பற்றி எழுதிய நூலும் அப்படியானது. 1876 ஜூலையில் மூன்று சிறுமிகள் காட்டில் பழம் பொறுக்கப் போன இடத்தில் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். பிஸ்மார்க்கின் அரசு கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்கிக்கொண்டிருந்த காலம். படை வந்தது, மாறுவேடத்தில் துப்பறிவாளரும் வந்தார், ஊரார் நீதிமன்றம் ஏறினார்கள். இந்த நெருக்கடியை பிளக்பேர்ன் விரிவாக எழுதுகிறார். சிறுமிகளின் வாக்குமூலங்கள் மாறி மாறி வந்ததையும் எழுதுகிறார். அவர்களில் ஒருத்தி வளர்ந்தபின், அது பொய் என்று ஒப்புக்கொண்டதையும் மறைக்கவில்லை. அரசின் ஒடுக்குமுறையால் சிறுமிகள் கண்டார்கள் என்று அவர் ஒரு வரியில் முடிக்கவில்லை. ஒடுக்குமுறை எதை விளக்குகிறது? அந்த மூன்று பிள்ளைகளின் பேச்சை ஊர் ஏன் பற்றிக்கொண்டது, ஆயிரக்கணக்கானோர் ஏன் திரண்டார்கள், அரசு ஏன் படையனுப்பும் அளவுக்கு அஞ்சியது என்பவற்றை விளக்குகிறது. பிரான்சின் லூர்திலும் அப்படித்தான். 1858இல் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னபின் அதே ஊரில் பலர் தாமும் கண்டதாகச் சொன்னார்கள். அந்தத் தொற்றைச் சமூகவியல் நன்றாக விளக்கும். ஆனால் முதலில் பெர்னதெத் ஏன்? அவரைப்போல் ஏழையாய், நோயாளியாய், படிப்பற்றவராய் அந்த ஊரில் எத்தனையோ சிறுமிகள் இருந்தார்கள். கூட்டம் ஏன் கூடியது என்பது சமூகத்தின் கேள்வி. அந்த ஒருவர் ஏன் கண்டார் என்பது அந்த ஒருவரிடம் கேட்க வேண்டியது. நமது விளக்கக்காரர்கள் முதற்கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து இரண்டாவதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள். பிழை முழுவதும் அந்த ஒட்டில் இருக்கிறது.

வியப்பான விடயம், திருச்சபையின் விசாரணை முறை இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1978இல் வகுக்கப்பட்ட விதிகள், கண்டவரின் மனநலம் எப்படி, நேர்மை எப்படி, பணம் கைமாறியதா, சொல்லப்பட்டதில் பிழையான போதனை உண்டா என்று கேட்டன. 2024 மே 17 அன்று வத்திக்கான் புதிய விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று அறிவிப்பது இனி வழமையான முடிவாக இராது. பக்திக்குத் தடையில்லை என்பது தொடக்கம் இயற்கைக்கு அப்பாற்பட்டதல்ல என்பது வரை ஆறு படிகள் உண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில் வேளாங்கண்ணி பற்றி தஞ்சை ஆயருக்கு வத்திக்கானிலிருந்து எழுதப்பட்ட கடிதம், அங்கே பிற சமயத்தவரும் திரளாக வருவதை மகிழ்ச்சியோடு குறிப்பிட்டது. உலகெங்கும் வரும் காட்சிச் செய்திகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் மறுக்கும்போதும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு, எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தே மறுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மறைமாவட்டங்களில் அந்த விதி எப்போதும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் 'அமைதியாய் இருங்கோ, செபியுங்கோ' என்பதோடு முடிந்துவிடுகிறது. அதுவும் கேளாமைதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ நாகரிகத் துறையிலும் சமூகவியல் துறையிலும் இருப்பவர்களுக்கும், கொழும்புத்துறைக் குருமடத்தில் படிக்கும் வருங்காலக் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தீவகத்திலோ, குருநகரிலோ, மன்னார்க் கரையிலோ ஒருவர் மாதாவைக் கண்டேன் என்று சொன்னால், கோட்பாட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எங்கே நின்றீர்கள், எந்த நேரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, அருகில் வேறு யார் நின்றார்கள், அவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணவில்லை, முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே, அவர் பேசிய தமிழிலேயே எழுதுங்கள். கண்டவர் மறுநாள் வேறு மாதிரிச் சொன்னால் அதையும் எழுதுங்கள். கேட்டு முடித்தபின் உங்களுக்கு என்ன விளக்கம் தோன்றுகிறதோ அதைத் துணிவோடு சொல்லுங்கள். பிரமை என்றே முடிவு வந்தாலும் சொல்லுங்கள். ஆனால் அவர் பேசி முடிக்கும்வரை உங்கள் விளக்கத்தைத் தொடங்காதீர்கள்.